இடது கால் முதலில்

இன்று காலை, கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் உன் பச்சை ஜாக்கெட்டில் எறும்பு ஏறியிருந்தது. ஒன்றிரண்டு இல்லை, தரையிலிருந்து கதவு நிலை வழியாக ஒரு வரிசையே போய்க்கொண்டிருந்தது. அம்மா பார்த்துவிட்டு, "இதத் தூக்கிப் போடுன்னு எத்தன தடவ சொல்றது" என்றாள். பாக்கெட்டுக்குள் கையை விட்டேன். தையல் விட்ட ஓட்டை வழியாக உள்துணிக்குள் விழுந்து கிடந்த ஈரல் துண்டு ஒன்று அகப்பட்டது. மஞ்சள் போட்டு வேகவைத்து, ஓவனில் காயவைத்து, சுண்டுவிரல் நகம் அளவுக்கு நீ வெட்டி வைப்பாயே, அதுதான். மூன்று வருஷத்தில் கல்லாகியிருந்தது, ஆனால் வாசனை போகவில்லை. பால்கனியில் படுத்திருந்த பிங்கி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. செத்துப்போனவளிடம் என்னடி சண்டை என்று நீ கேட்பாய். கேள். அன்றைக்குக் கார் கதவைத் திறந்தாயே, அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

முதலிலிருந்தே சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும். ஞாயிற்றுக்கிழமை காலைகளில், அல்சூர் ஏரியைத் தாண்டி அந்தக் காலேஜ் மைதானத்தில்தான் நாம் பழக ஆரம்பித்தோம். நீ பள்ளிக்கூட ஆபீசில் க்ளார்க், நான் அரசாங்க ஆபீசில் க்ளார்க். உனக்கு பிங்கி, எனக்கு மணி. பிங்கி ஓநாய் மாதிரி இருக்கும் ஜெர்மன் ஷெப்பர்ட். அவளுக்கு அந்தப் பெயரை வைத்த உன் அண்ணன் மகளைத்தான் கேட்க வேண்டும். மணி என் பீகிள். கீழ்ப்படிதல் போட்டிக்குப் பழக்குகிறேன் என்று நான்கு வருஷம் அழைத்து வந்தேன், அவன் ஒரே ஒரு நாள் கீழ்ப்படிந்தான், அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சல். கிட்னி போய் அவன் செத்த பிறகு நான் மைதானத்துக்கு வருவதை நிறுத்தினேன். நீ விடவில்லை.

"நாய் இல்லாம அங்க வந்து நான் என்னடி பண்றது?"

"ஜட்ஜா நில்லு. ஃபார்வர்ட், ஹால்ட்னு கத்து. ஆபீஸ்ல அதத்தான பண்ற."

அப்படித்தான் நான் உங்கள் இருவருக்கும் பொய் ஜட்ஜ் ஆனேன். நீ நடப்பாய், பிங்கி உன் இடது முட்டியோடு ஒட்டிக்கொண்டு நடப்பாள், நான் கத்துவேன். முதல் வாரமே ஒன்றைக் கவனித்துக் கேட்டேன். சேர்ந்து நடக்கும்போது நீ இடது காலை முதலில் எடுத்து வைக்கிறாய், அவளை உட்காரவைத்துவிட்டுப் போகும்போது வலது காலை எடுத்து வைக்கிறாய், அது எதற்கு என்று.

"நாய் நம்ம இடது பக்கம் உக்காருது. கிட்ட இருக்கிற கால் நகந்தா அது வா. தூரத்துக் கால் நகந்தா அது இரு. வாய்ல ஆயிரம் சொல்லு, அவ கேக்கறது கால் சொல்றதத்தான்."

"எங்க வீட்ல எல்லாத்துக்கும் வலது கால்தான்டி. இடது கால வெச்சா அம்மா வெளக்குமாத்த எடுப்பா."

"உங்க வீட்டுக்கு மருமகளா வரப்போறது பிங்கி இல்லம்மா" என்று சொல்லிவிட்டு நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு நான் பின்னால் அனுபவித்தேன்.

கீழ்ப்படிதல் போட்டியின் உயர் பிரிவில் நாய்க்குப் பட்டம் வாங்க மூன்று முறை தேற வேண்டும். இரண்டு முறை நீ தேறியிருந்தாய். மூன்றாவதுக்குப் பெயர் கொடுத்த மாதத்தில்தான் உனக்கு வயிற்றில் கட்டி என்று சொன்னார்கள். மருந்து ஏற்றி ஏற்றி உன் கால் குச்சியானது. மைதானத்தில் "வேகமாக" என்று நான் கத்தினால் நீ நான்கு அடி ஓடிவிட்டு, குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். பிங்கியும் நின்று உன் முகத்தைப் பார்ப்பாள். ஒரு ஞாயிறு, பிங்கியின் கழுத்து வாரை என் கையில் கொடுத்துவிட்டு, "நீ கூட்டிட்டுப் போ போட்டி ரிங்குக்கு" என்றாய்.

நான் முடியாது என்றேன். அவள் உன் நாய், உன் குரலுக்கு மட்டும்தான் அசைவாள், எனக்கு ஒரு பீகிளைக்கூட உட்காரவைக்கத் தெரியாது என்றேன். நீ சிமெண்ட் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாய். பிறகு சொன்னாய்.

"பட்டம் யாருக்குடி வேணும்? அண்ணன் எலெக்ட்ரானிக் சிட்டி ஃபிளாட்ல இருக்கான். அசோசியேஷன்ல பெரிய நாய் கூடாதுன்னு ஏற்கனவே சொல்லிட்டான். எனக்குப் பின்னாடி இவ யார்கூட நடப்பான்னு நான் கண்ணால பாக்கணும். பாத்துட்டா நிம்மதியாப் போவேன்."

"பேஜார் பண்ணாத. நீ எங்கயும் போகல."

"சரி, போகல. நீ நட."

போட்டிக்கு ஆறு வாரம் இருந்தது. அந்த ஆறு வாரம் நீ செய்ததை என்னால் செய்திருக்க முடியாது. உன் கையால் அவளுக்குச் சாப்பாடு வைப்பதை நிறுத்தினாய். வாரத்தில் நாலு நாள் என் வீட்டில் விட்டாய். மைதானத்தில் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய், ஏனென்றால் நீ கண்ணில் பட்டால் அவள் என்னை விட்டுவிட்டு நேராக உன்னிடம் வந்துவிடுவாள். வந்தால் நீ தொடக்கூடாது என்று முடிவு செய்திருந்தாய். கைகளை அக்குளில் செருகிக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நிற்பாய். நான் ஈரலை நீட்டிக் கெஞ்சுவேன். ஐந்தாவது வாரம்தான் அவள் என்னோடு ஒரு முழுச் சுற்று நடந்தாள், அதுவும் நாலு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு.

போட்டியன்று காலையில், ரிங்கிலிருந்து தள்ளி, காற்று நம் பக்கம் அடிக்கும் திசையாகப் பார்த்து, என் காரை நிறுத்தச் சொன்னாய், உன் வாசனை அவளுக்குப் போகக்கூடாதென்று. கண்ணாடியை ஏற்றிவிட்டு, போர்வை சுற்றிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாய். "என்ன ஆனாலும் எறங்க மாட்டேன்" என்று உன் ஜெபமாலை மேல் சத்தியம் பண்ணினாய். எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

வாரைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். இந்தப் பிரிவில் வார் இல்லாமல்தான் நடக்க வேண்டும். பிங்கி என் இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள். ஜட்ஜ் வெள்ளைத் தொப்பி போட்ட பெரியவர். ரெடியா என்று கேட்டார். தலையாட்டினேன். எனக்கு வேறெதுவும் நினைவில் இல்லை, கிளம்பும்போது அம்மா வாசலில் நின்று சொன்னது மட்டும் காதில் கேட்டது: "வலது கால எடுத்து வெச்சுப் போடி, எல்லாம் ஜெயமாகும்." ஜட்ஜ், "ஃபார்வர்ட்" என்றார். நான் "ஹீல்", அதாவது கூட வா, என்று சொல்லி, சாமியை நினைத்துக்கொண்டு, வலது காலை எடுத்து வைத்தேன்.

மூன்றடி போன பிறகுதான் பக்கத்தில் யாரும் இல்லை என்று தெரிந்தது. திரும்பினேன். பிங்கி வைத்த இடத்தில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். தப்பே இல்லை அவள்மேல். வாய் வா என்றது, கால் இரு என்றது, அவள் காலைக் கேட்டாள். எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று தெரியாது. இரண்டாம் முறை கூப்பிட்டால் அதோடு தேர்ச்சி போய்விடும். கூப்பிடாவிட்டாலும் போய்விடும். கூப்பிட்டேன். ஜட்ஜ் தாளில் ஒரு கோடு இழுத்தார். காரைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மிச்சத்தைச் செய்யலாம், மார்க் கிடையாது என்றார்கள். தடுப்பைத் தாண்டியதும் வீசிய கட்டையைக் கொண்டுவந்து கொடுத்ததும் அவள் பாடு, நான் மரம் மாதிரி நின்றேன். கடைசியில் எல்லா நாய்களையும் வரிசையாகப் படுக்கவைத்துவிட்டு, ஆட்கள் கித்தான் தட்டிக்குப் பின்னால் போய் மறைந்து நிற்க வேண்டும். ஐந்து நிமிஷம். நாய் எழுந்தால் போச்சு. இந்தத் தடவை என் காலைப் பார்த்துக்கொண்டே "டவுன், ஸ்டே" என்று சொல்லி, வலது காலை வைத்துப் போனேன்.

தட்டிக்குப் பின்னாலிருந்து நாய்கள் தெரியாது. ஆனால் என் கார் தெரிந்தது. முன்கதவு திறந்திருந்தது. சீட்டில் போர்வை மட்டும் கிடந்தது.

விழுந்துவிட்டாய் என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால், நீ ரிங் கயிற்றை நோக்கி நடந்துகொண்டிருந்தாய். ஒரு கையால் வேலிக் கம்புகளைப் பிடித்துப் பிடித்து, அந்தப் பச்சை ஜாக்கெட்டில். காற்று உன் வாசனையை அவளிடம் கொண்டுபோகும் பக்கமாகவே சுற்றி வந்து, பிங்கிக்கு நேர் எதிரே நின்றாய். நான் வாயைத் திறக்கக்கூடாது, நகரக்கூடாது. பக்கத்தில் நின்ற ஒருவர், "மேடம், ஆர் யூ ஓகே?" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிஷத்தை எண்ணினேன். எந்த நொடியும் அவள் பாய்ந்து வரும் சத்தமும் ஜனங்கள் கத்துவதும் கேட்கப்போகிறது என்று காத்திருந்தேன்.

ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வரச் சொன்னார்கள்.

பிங்கி படுத்திருந்தாள். கண் உன்மேல் இருந்தது. காதிலிருந்து வால் வரைக்கும் உடம்பு முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்தது, வாயிலிருந்து எச்சில் வடிந்து புல் நனைந்திருந்தது. ஆனால் முழங்கை தரையிலிருந்து ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை. நான் போய்ப் பக்கத்தில் நின்றதும் அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

வெளியே வந்து நான் உன்னைத் திட்டிய திட்டு அந்த மைதானத்துக்கே கேட்டிருக்கும். "அறிவிருக்காடி உனக்கு? அந்த வாயில்லா ஜீவன இப்படியா பாடாப்படுத்துவ? சத்தியம் பண்ணியே." நீ கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாய். சிரித்துக்கொண்டும் அழுதாய்.

"என்னப் பாத்துச்சு விஜி. நல்லாப் பாத்துச்சு. எந்திரிக்கல."

"உனக்கு அதுல என்னடி சந்தோஷம்?"

"நீ சொன்னதக் கேட்டுச்சு. நான் எதிர்ல நிக்கும்போதே நீ சொன்னதக் கேட்டுச்சு. நான் பாஸ் போட்டுட்டேன், போ."

எனக்கு உன்னை அறையலாம் போல இருந்தது. கட்டிப்பிடித்தால் எலும்புதான் கையில் பட்டது.

அதற்குப் பிறகு உனக்கு மூன்று வாரம்தான் இருந்தது. ஆம்புலன்ஸ் வந்த காலையில், உன்னை ஸ்ட்ரெச்சரில் கட்டி, வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். பிங்கி ஓடிவந்து ஸ்ட்ரெச்சரின் இடது பக்கம் வழக்கம் போல உட்கார்ந்தாள். கீழே பார்த்தாள். அங்கே இரண்டு அந்நிய ஆண்களின் செருப்புக் கால்கள் இருந்தன. உன் கால்கள் போர்வைக்குள் இருந்தன. வருவதா இருப்பதா என்று தெரியாமல் அவள் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்து, மறுபடி எழுந்தாள். நீ தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாய். உனக்குப் பேச மூச்சு போதவில்லை.

"நீ காட்டு" என்றாய்.

அவள் பக்கத்தில் போய் நின்று, அவள் பார்க்கும்படி, வலது காலை எடுத்து வைத்தேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். நான் ஆம்புலன்சில் ஏறினேன். சாயங்காலம் நான் மட்டும் திரும்பி வந்தபோது, பக்கத்து வீட்டு கன்னடக்கார அம்மா வாசலில் காத்திருந்தார். "பாப, நீரூ குடீலில்ல" என்றார். பாவம், பிங்கி காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் அதே இடத்தில் இருந்தாளாம். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து, அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, நீ போய்விட்டாய் என்று சொன்னேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து கல்லறைக்குப் போனபோது அவளையும் அழைத்துப் போனேன். உன் அண்ணன் மெழுகுவத்தி ஏற்றினார், எல்லாரும் ஜெபம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். பிங்கி உன் மண்ணுக்கு எதிரே படுத்துவிட்டாள், யாரும் சொல்லாமலே. வாரைப் பிடித்து இழுக்க எனக்கு மனசு வரவில்லை. பக்கத்தில் நின்றேன். ரொம்ப நேரம் நின்றேன் என்று நினைக்கிறேன், மெழுகு பாதி உருகிவிட்டது. அப்புறம் இடது காலை எடுத்து வைத்தேன். அவள் எழுந்து வந்தாள்.

அந்த மூன்றாவது தேர்ச்சிக்கு நான் மறுபடி போகவில்லை. அவளுக்கு இப்போது பதினொரு வயது. பின்னங்கால் இறுகிவிட்டது, படி இறங்கத் துண்டைக் கட்டித் தூக்குகிறேன். ஆபீசுக்குக் கிளம்பும் முன் தெருமுனை வரைக்கும் ஒரு நடை, அவ்வளவுதான் எங்கள் போட்டி.

இன்றைக்கு ஜாக்கெட்டை உதறி, எறும்பைத் தட்டி, அந்த ஈரல் துண்டைப் பிங்கிக்கே கொடுத்தேன். அவள் வெகுநேரம் கடித்தாள். பிறகு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தோம். அம்மா உள்ளேயிருந்து, "வலது கால், வலது கால்" என்றாள். மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். சரிம்மா என்றேன், இடது காலை எடுத்து வைத்தேன். பிங்கி எழ இப்போதெல்லாம் நேரமாகும். ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே வைத்தபடி காத்திருந்தேன். அவள் எழுந்து, மெல்ல வந்து, என் முட்டியோரம் நின்றாள்.

நீயும் வா.