கரண்டி டிராயரில் கிடந்த ஒப்பந்தம்

என்னங்க,

நல்லாத் தூங்குறீங்க, எழுப்ப மனசு வரல. சாப்பாடு மேசைமேல மூடி வெச்சிருக்கேன். குழாய் ரிப்பேர் பண்றவர் பத்து மணிக்கு வருவார், கதவைத் திறந்து விடுங்க.

இன்னைக்குப் பொது விடுமுறையிலயும் நான் வேலைக்குப் போறேன்னு நேத்துப் போட்ட சண்டையில கோபம் ஆறாம, காலையில கரண்டி டிராயரைக் கவிழ்த்துக் கழுவினேன். அடியில விரிச்சிருந்த காகிதம் என்னன்னு நினைக்கிறீங்க? லாண்டரியில சேர்ந்தப்ப தந்த என் வேலை ஒப்பந்தம்! நாலு வருஷமா அதுமேலதான் கரண்டி வெச்சிருக்கோம். பொது விடுமுறை அன்னைக்கு வேலை செஞ்சா இரட்டைச் சம்பளம், இல்லன்னா சம்பளத்தோட வேற ஒரு நாள் லீவு. எது வேணும்னு நாமதான் சொல்லணுமாம்! மேனேஜர் இத்தனை நாளா ஒவ்வொரு விடுமுறை வேலைக்கும் ஒரு மிட்டாய் டப்பாவைக் கொடுத்தே ஏமாத்திட்டார். காகிதத்தைத் துடைச்சுக் கையோட எடுத்துட்டுப் போறேன். இஸ்திரி போடுற அக்காங்க எல்லாருக்கும் காட்டணும்.

பி.கு.: இன்னைக்கு வேலைக்குப் பதிலா வெள்ளிக்கிழமை லீவு கேக்கப் போறேன். அன்னைக்கு உங்களுக்கும் லீவுதானே? "உனக்கு வேலைதான் புருஷன்"னு கத்தினீங்களே, அந்தப் புருஷன்கிட்ட உரிமையா ஒரு நாள் வாங்கிட்டு, இந்தப் புருஷனோட கடலுக்கு வரேன்.