சுந்தரத்துக்கு வலிக்கவில்லை

4 மார்ச் 1986
அகரம் பள்ளியில் அரை நாள் விடுப்பு. என் மனைவி சுந்தரத்தை மிஷன் டிஸ்பென்சரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் செபாஸ்தியம்மாள் சிஸ்டர்தான். சர்க்கரை எவ்வளவு என்று பார்க்க, சிறுநீரை நீல மருந்தில் கொதிக்கவைத்து, "பச்சைதான் சார், பரவாயில்ல" என்றார். பிரஷர் பார்த்தார், பாதத்தைத் தடவிப் பார்த்தார். "படி ஏறுனா மூச்சு வாங்குதாக்கா?" என்றும் கேட்டார். எட்டு வருடமாக இதே அக்கறை.

29 ஏப்ரல்
சிஸ்டரைத் தூத்துக்குடிக்கு மாற்றிவிட்டார்கள். பதிலுக்கு ஆள் இல்லை. செவ்வாய்க்கிழமை சர்க்கரை கிளினிக் இனி கிடையாதாம்.

17 ஜூன்
திண்டுக்கல்லில் பெரிய டாக்டர். டோக்கன் நாற்பத்தொன்று. ரத்தத்தில் சர்க்கரை இருநூற்று அறுபது. மாத்திரையைக் கூட்டினார். சுந்தரம் தயங்கித் தயங்கி, "மாடிப்படி ஏறுனா மூச்சு முட்டுதுங்க டாக்டர்" என்றாள். "வயசாகுதுல்லம்மா" என்று அடுத்த டோக்கனுக்கு மணியை அடித்துவிட்டார். வயசா? அவளுக்கு நாற்பத்தாறு. நான் ஏன் வாயைத் திறக்கவில்லை?

20 ஆகஸ்ட்
நேற்றுக் காலை காய் நறுக்கும்போது சேலை நனைய வியர்த்தது. "செத்த நேரம் படுக்கேன்" என்றாள். வலி இல்லை என்றாள். சர்க்கரை இறங்கிவிட்டதென்று நினைத்து நான் சீனித் தண்ணீர் கரைத்துக் கொடுத்தேன். வியர்வை நிற்கவில்லை. திண்டுக்கல் டாக்டர் வாயு என்று ஊசி போட்டு அனுப்பினார்.
இன்று மூச்சு முட்டவே மதுரை. இதய டாக்டர் ஈ.சி.ஜி. தாளைப் பார்த்தவர் நிமிர்ந்தார். "அட்டாக் வந்து ஒரு நாளாச்சே. ஏன் இம்புட்டு லேட்டு?"
"வலியே இல்லைன்னாளே, சார்."
"சர்க்கரைக்காரங்களுக்கு வலி தெரியாமயும் வரும். யாரும் சொல்லலையா?"
சொல்லலை. யாருமே சொல்லலை.

2 செப்டம்பர்
வீட்டுக்கு வந்தாயிற்று. இதயம் பாதிதான் வேலை செய்கிறதாம். கிளம்பும்போது மதுரையில் சர்க்கரை மாத்திரை பற்றிக் கேட்டேன். "அதை உங்க ஊர் டாக்டர்ட்ட கேளுங்க" என்றார்கள். திண்டுக்கல் டாக்டரோ, "இனி மதுரையிலயே பாருங்க" என்கிறார். ஒருத்தருக்குச் சர்க்கரை, ஒருத்தருக்கு இதயம் — சுந்தரம் யாருக்கு?

11 அக்டோபர்
கால் வீங்கிவிட்டது. சாய்ந்தே தூங்குகிறாள்.

26 அக்டோபர்
"ஏங்க, அந்த சிஸ்டர் இருந்திருந்தா கண்டுபிடிச்சிருக்கும்ல?"
"பேசாமப் படும்மா" என்றேன். மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்: ஆமா புள்ள, கண்டுபிடிச்சிருக்கும்.

9 நவம்பர்
இட்லி ஒன்றைப் பிட்டு பாதி தின்றாள். எனக்குச் சட்டை கசங்கியிருக்கிறதென்று கோபித்துக்கொண்டாள்.

15 டிசம்பர்
தாலுகா அலுவலகத்தில் ரேஷன் கார்டைத் திருத்தக் கொடுத்தேன். எழுத்தர் தலை நிமிராமல், "வீட்ல எத்தனை பேரு சார்?" என்றார்.
"ஒருத்தர்" என்றேன்.