தள்ளிப்போட்ட மழை

ஐப்பசி 2, காலை 6.10
கிழக்குக் கோடி வானிலைக் கூண்டு

நான் பார்த்தது, முகர்ந்தது, அளந்தது எல்லாவற்றையும் இந்தக் குறிப்பேட்டில் உண்மையாகவே பதிவு செய்வேன். எனக்கு அருவருப்பானதையும் விடாமல் எழுதுவேன். என் பெயர் ஜெபமலர், ஒன்பதாம் வகுப்பு.

இதைக் கண்டெடுப்பவர் வேறு ஊர்க்காரராக இருக்கலாம். எங்கள் ஊர், செவ்வாய்க் கிரகத்தின் பாறைக்கு அடியில் ஆறு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு குகை. மேற்கு உயரம், கிழக்கு பள்ளம். வானம் கிடையாது, கூரையில் விளக்குகளும் மேல்தொட்டியும் உண்டு. நாங்கள் குளித்தது, துவைத்தது, மூச்சு விட்டது, எல்லா ஈரமும் அந்தத் தொட்டிக்குப் போய் வாரம் ஒரு முறை மழையாக இறங்கும். மழை முடிந்ததும் மேற்கிலிருந்து விளக்குகளை வரிசையாக அணைத்துக் குளிர்காற்றை உண்டாக்குவார்கள்.

வெப்பம் 19. ஈரப்பதம் 88. மூடுபனியில் 300 மீட்டர் வரை தெரிகிறது. மழை இல்லை, கடைசி மழை பெய்து 33 நாள் ஆகிறது.

ஐப்பசி 4, காலை 6.10

வெப்பம் 20. பார்வைத் தூரம் 180. மழை இல்லை.

காரணத்தையும் எழுதுகிறேன். மழை வேண்டாம் என்று யார் மனு கொடுத்தாலும் வானிலை அதிகாரி ஞானசிகாமணி சார் தள்ளிப்போட்டுவிடுகிறார். முதல் வாரம் ஒரு கல்யாணம். அடுத்து காதுகுத்து. பிறகு கிரிக்கெட் இறுதிப்போட்டி. பிறகு மூன்றாம் தெருப் பெண்கள் வடகம் காயப் போட்டிருந்தார்கள். ஐந்தாம் வாரம் மறுபடி கல்யாணம். மழை எங்கும் போய்விடவில்லை, மேலேயே கிடந்து அழுகுகிறது. இது ஆறாம் வகுப்புப் பாடத்திலேயே இருக்கிறது.

தினமும் மாலை நான்கு மணி அறிக்கையை இந்தக் கூண்டிலிருந்து ஒலிபெருக்கியில் நான்தான் வாசிக்கிறேன். என் உச்சரிப்பு தெளிவாக இருக்கிறதாம். நேற்று மூடுபனி மஞ்சள் நிறம் என்று எழுதி அனுப்பினேன். வாசிக்க வந்த தாளில் பொன்னிறம் என்று திருத்தியிருந்தது. வாசித்தேன். வாசித்ததற்காக வெட்கப்படுகிறேன்.

ஐப்பசி 7, மாலை 3.15

பார்வைத் தூரம் 60.

பனி இப்போது ஒட்டுகிறது. கூண்டின் கண்ணாடியில் விரலால் தொட்டால் நூல் நூலாக இழுக்கிறது. காலையில் இட்லித் துணியைப் பிழிந்தால் சளி வந்தது. என் சடையின் நுனியை மோந்து பார்த்தேன், அழுகிய முட்டை. வகுப்பில் பாதிப் பேர் இருமுகிறார்கள், துப்புவதற்கு இடமில்லாமல் விழுங்குகிறார்கள்.

கல்யாண மண்டபத்துக்காரர்கள் புகார் செய்தார்களாம். அதனால் பனியில் மல்லிகை எண்ணெய் கலந்திருக்கிறார்கள். செத்த எலிக்குப் பூச்சூடியது போல இருக்கிறது. வெறும் நாற்றமே மேல். அதிலாவது பொய் இல்லை.

ஐப்பசி 9, மதியம் 2.40

நாளை மறுநாள் பெய்ய வேண்டிய மழையும் தள்ளிப்போயிற்று. இன்று நாலரைக்கு ஊர்த்தலைவர் வீட்டுக் கல்யாணம், அதன் பின் மூன்று நாள் விருந்து. தொட்டித் தண்ணீரின் மேல் பாலாடை போல அழுக்கு ஆடை தடித்து வலையை அடைத்துவிட்டதால், அதைக் கையால் அள்ளி எடுக்க அம்மாவை மேலே அனுப்பியிருக்கிறார்கள். என் அம்மா தங்கபுஷ்பம், தொட்டித் துப்புரவுப் பணியாளர். தொட்டியின் ஏணி என் கூண்டுக்கு நேர் எதிரே கூரை வரை போகிறது. 140 படி.

அம்மாவின் ரேடியோ என் ரேடியோவோடு இணைந்திருக்கிறது. அம்மா 2.31க்குப் பேசியது:

"ஏட்டி மலரு, ஊருல உள்ள மூக்கெல்லாம் இங்கனதான் சிந்திருக்கு போல. சாயங்காலம் எனக்குச் சோறு வைக்காத, கேட்டியா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு இருமினாள்.

ஐப்பசி 9, மாலை 3.44

அம்மா, 3.41: "கதவுப் பக்கம் பூரா ஆடை வந்து மூடிட்டு. தள்ளுனா திரும்ப வந்து ஒட்டுது. முகமூடி வடிகட்டியும் அடைச்சுட்டு வருது, இருபது நிமிசம் தாங்கும். தண்ணி ஒரு ஆள் உயரம் எறங்குனா கதவு தெரியும், வந்துருவேன். சார்ட்ட சொல்லுட்டி."

சாரிடம் சொன்னேன். அவர், 3.43: "நாலரைக்குத் தாலி கட்டு, பாப்பா. அது முடியுற வரைக்கும் ஒரு சொட்டு விழக் கூடாது. உங்க அம்மாவுக்கு இந்த வேலை என்ன புதுசா? பொறுக்கச் சொல்லு."

கணக்கு எளிது. வடிகட்டி 4.01 வரை. தாலி 4.30.

தொட்டியின் மடையைத் திறந்து மழை விடும் மடைக்காரர்களைக் கூப்பிட்டேன். இருவரும் நல்லவர்கள். ஆனால் வாய்ச்சொல்லுக்கு மடை திறந்தால் வேலை போய்விடும். அறிக்கையில் வந்தால் திறக்காமல் இருக்கவும் கூடாது. விதி அப்படி.

ஐப்பசி 9, மாலை 4.06

நான் வாசிக்க வேண்டிய தாள்: மேற்கில் இதமான பொன்னிற மூடுபனி, மத்தியில் மல்லிகை மணம், கிழக்கில் மாற்றமில்லை.

நான் வாசித்தது:

"மாலை அறிக்கை. இந்த நிமிடத்திலிருந்து ஊர் முழுவதும் கனமழை. மழையைத் தொடர்ந்து மேற்கிலிருந்து கிழக்காகக் குளிர்காற்று. மூடுபனியின் நிறம் மஞ்சள். யாரும் அண்ணாந்து வாயைத் திறக்க வேண்டாம்."

வாசித்தபோது ஒரு சொட்டும் விழவில்லை. நான் பொய் சொல்லிவிட்டேனா என்று யோசித்தேன். இரண்டு நிமிடத்தில் பெய்தது. எங்கள் ஊரில் அறிக்கைக்குப் பிறகுதான் மழை வரும். ஆகவே அது பொய் அல்ல.

மழை மூடுபனியைக் கழுவி இறக்கிவிட்டது, இப்போது தூரம் தெரிகிறது. மழை துளியாக வரவில்லை. கயிறு கயிறாக, நடுநடுவே கட்டியாக வருகிறது. மண்டபத்துப் பந்தல் தொய்ந்து கிழிந்து, பிரியாணி அண்டாவில் ஒரு கட்டி விழுந்ததைத் தொலைநோக்கியில் பார்த்தேன். பட்டுச் சேலைகளில் வழிகிறது. தலைவர் வாழையிலையைத் தலைக்கு மேல் பிடித்திருக்கிறார். குப்பைக்கூடையில் வாந்தி எடுத்தேன். அதையும் பதிவு செய்கிறேன்.

அம்மாவிடமிருந்து பதில் இல்லை.

ஐப்பசி 9, மாலை 4.15

அம்மா, 4.13, இடையிடையே ஓங்கரித்துக்கொண்டு: "வெளிய வந்துட்டேன்ட்டி. முகமூடியக் கழட்டிப் போட்டுட்டேன். ஏணி பூரா வழுவழுன்னு கெடக்கு, கால் நிக்க மாட்டேங்குது. பாத்துப் பாத்து எறங்குதேன். ரேடியோவ இடுப்புல சொருகுதேன், ரெண்டு கையும் வேணும்."

அவளது மஞ்சள் அங்கி தெரிகிறது. படிகளை எண்ணுகிறேன். 131.

ஐப்பசி 9, மாலை 4.21

மேற்குக் கோடியில் முதல் விளக்கு வரிசை அணைந்தது.

நான்தான் காரணம். மழை என்று எழுதினால் அதைத் தொடர்ந்து குளிர்காற்று என்று எழுதுவது அறிக்கையின் வழக்கம். பழக்கத்தில் நானே சேர்த்து வாசித்துவிட்டேன். விளக்குக்காரர்களும் அறிக்கைப்படிதான் நடப்பார்கள்.

அவர்களைக் கூப்பிட்டேன். திருத்த அறிக்கை வேண்டுமாம். ஒலிபெருக்கி இணைப்பை என்னிடமிருந்து துண்டித்துவிட்டார்கள். சாரால் மட்டுமே திருத்த முடியும்.

அம்மா 102இல்.

4.24

சாரிடம் கெஞ்சினேன். அம்மா ஏணியில் இருக்கிறாள், வழுக்குகிறது, இருட்டில் படி தெரியாது, பத்து நிமிடம் போதும் என்றேன்.

சார்: "நீ வாசிச்சதுதானே பாப்பா. இருட்டட்டும். மேல இருந்து என்ன விழுதுன்னு ஊர்ல எல்லாரும் நின்னு பாக்குறாங்க. பாக்காம இருக்கிறது நல்லது."

பிறகு ரேடியோவை வைத்துவிட்டார். பின்னணியில் நாதஸ்வரம் கேட்டது.

4.27

மத்தியத் தெரு போய்விட்டது. மண்டபம் தெரியவில்லை. ஏணி இன்னும் தெரிகிறது. 83. ஒரு கை நழுவி, மறுபடி பிடித்தாள். என்னைப் பார்க்கவில்லை. கத்தினால் திரும்பிப் பார்ப்பாள் என்று கத்தாமல் இருக்கிறேன்.

4.28

பள்ளிக்கூட வரிசை அணைந்தது. எங்களுடையது அடுத்தது.

79. 78.

4.29

76இல் அம்மா. விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.