மீனுக்கு வைத்த தண்ணீர்

1938 மார்ச் 2

தொட்டி பச்சையாகிவிட்டது. வெயில். தங்கமீன்கள் ஐந்தும் பாசிக்குள் மங்கலாகத் தெரிகின்றன. தொட்டி, தபால் தந்திக் கந்தோரில் கழித்துவிட்ட மின்கலத்தின் கண்ணாடிப் பெட்டி. மீன்கள் கொழும்பிலிருந்து இரவு மெயில் ரயிலில் என் மடியில் வந்தவை. வருடக்கணக்காய் இரசாயனம் படித்து இவன் கொண்டுவந்தது இவ்வளவுதான் என்று அம்மா வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள். சிரித்துக்கொண்டுதான். உத்தியோகம் இன்னும் இல்லை.

தொட்டியை அதிகம் பார்ப்பது அருந்ததி அக்கா. தலைப்பிள்ளைப் பேற்றுக்கு வந்திருக்கிறாள். எட்டாம் மாதம். சாய்மனைக் கதிரையை அதன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு மணிக்கணக்காய் உட்கார்ந்திருக்கிறாள். அப்படி என்ன பார்க்கிறாய் என்று கேட்டேன்.

"உதுகளுக்கு ஒரு அவசரமும் இல்லையடா" என்றாள்.

மார்ச் 4

ஒழுங்கைக் கடைசியில் இரண்டு வீடுகளில் நெருப்புக் காய்ச்சல். இங்கிலீஷில் டைபாய்ட், தண்ணீரில் பரவுவது. ஒரு வீட்டில் இன்று சாப்பறை.

சனிற்றறி இன்ஸ்பெக்டர் இராசநாயகம் சைக்கிளில் வந்தார். வெள்ளைத் தூளை வாளியில் கரைத்து எங்கள் கிணற்றுக்குள் ஊற்றினார். குளோரின் நெடி. ஆய்வுகூடம் ஞாபகம் வந்தது. அடுத்த வளவுப் பராசக்தி மாமி படலை திறக்கவில்லை. வேலிக்கு அங்காலிருந்து குரல் மட்டும்:

"காய்ச்சல் சனத்துக்கெல்லோ? கிணத்துக்கு ஏன் மருந்து?"

அவர் கிருமியைப் பற்றிச் சொல்லிப் பார்த்தார். போய்விட்டார். அரியாலையின் இந்தப் பக்கத்தில் நல்ல தண்ணீர் எங்கள் கிணற்றிலும் மாமியின் கிணற்றிலும் மட்டும். மற்றதெல்லாம் உவர். காய்ச்சல் வீட்டாரும் மாமியிடம்தான் அள்ளுகிறார்கள்.

அன்றே, பின்னேரம்

மூன்று மீன் செத்துவிட்டன.

மீன்களைப் பழைய தண்ணீரோடு ஒரு கோப்பையில் எடுத்து வைத்துவிட்டுத் தொட்டியைக் கழுவினேன். கிணற்றிலிருந்து புதுத் தண்ணீர், விளிம்பு வரை. ஒவ்வொன்றாய் விட்டேன். மூன்றாவது உள்ளே போகும்போதே முதலாவது மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து —

மற்ற இரண்டும் இன்னும் கோப்பையில், பழைய தண்ணீரில். அதனால் தப்பின.

காலையில் மூக்கு அறிந்ததைப் பின்னேரம் கை மறந்துவிட்டது. இதற்குப் பெயர் படிப்பா?

மார்ச் 5

அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் இப்போது விஷயம்.

காலையில் மாமி வந்தாள். செத்த மீன்களைக் கேட்டு வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மீனைக் கொல்லுற தண்ணி வயித்துப் பிள்ளையை விட்டு வைக்குமோ?" அக்கா கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தாள். மத்தியானம் மாமியின் கிணற்றிலிருந்து குடம் வந்தது. அம்மா தடுக்கவில்லை.

விளக்கினேன். மீன் தண்ணீரைத்தான் மூச்சாக எடுக்கிறது, தூள் அதன் செவுளை எரித்துவிடும். நாம் குடிக்கிறோம், அந்தச் சொற்பம் நம்மை ஒன்றும் செய்யாது. கேட்டுக்கொண்டார்கள். அவ்வளவுதான். மாமியின் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றியாவது குடி என்றேன். ஒரு மிடறு குடித்தாள், ஓங்காளித்தாள். கொதித்த தண்ணீரின் புகை மணம் இப்போது அவளுக்கு ஆகாது.

குடம் அவளுடைய தலைமாட்டில் இருக்கிறது. நான் அதைப் பார்க்கிறேன். வேறு என்ன செய்ய?

மார்ச் 6

கோப்பைத் தண்ணீர் கலங்குகிறது. மீதி இரண்டும் மேலே வந்து வாய் பிளக்கின்றன. யாழ்ப்பாணத்துக்குப் போனேன். என்னோடு பள்ளியில் இருந்த பரமலிங்கம் அங்கே படம் பிடிக்கும் கடை வைத்திருக்கிறான். படம் கழுவும் ஹைப்போ கொஞ்சம் கேட்டேன். குளோரினை அது உடனே முறித்துவிடும்.

"மீனுக்கும் படம் எடுக்கப் போறியோ?" என்றான்.

ஒரு வாளித் தண்ணீருக்குச் சில பளிங்குகள். நெடி போய்விட்டது. தொட்டியில் இருந்ததைக் கொட்டிவிட்டு, இதை ஊற்றி மீன்களை விட்டேன். நீந்துகின்றன. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"உதிலை என்ன போட்டனீ?"

சொன்னேன்.

"அப்ப மருந்துக்கு மாற்று மருந்து. எனக்கும் படம் கழுவுற தண்ணி தரப்போறியோ?"

அவள் சொல்வது சரி. மீன் பிழைத்தது, கேள்வி அப்படியே நிற்கிறது.

மார்ச் 8

அக்காவுக்கு உடம்பு சுடுகிறது.

மார்ச் 9

இன்னும் சுடுகிறது. அம்மா நல்லூர்க் கோயிலுக்கு நேர்த்திக்கடன் வைத்திருக்கிறாள். நான் எதற்கு வைப்பேன்? அந்தத் தண்ணியை ஒருக்கா மணந்து பாத்திருக்கலாமே. ஒருக்கா. ஏன் மணந்து பாக்கேல்லை நான்? உவள் என்ரை மீனைப் பாத்துத்தானே அந்தக் குடத்துக்குப் போனவள்.

மார்ச் 10

இறங்கிவிட்டது.

டாக்குத்தர் வந்தார். சளித் தடிமனும் வெயில் சூடும். நெருப்புக் காய்ச்சல் இல்லை. கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன், நெடு நேரம்.

ஆனால் தலைமாட்டில் அதே குடம்.

ஒழுங்கையில் இராசநாயகத்தைக் கண்டேன். என் மீன்களின் கதை அவருக்கும் எட்டியிருந்தது. இரண்டு வீட்டார் அதைச் சொல்லியே அவரைத் திருப்பி அனுப்பினார்களாம். கோபம் இல்லை, களைப்புத்தான். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நீர் உந்த ஹைப்போவைக் கொஞ்சம் போட்டுவிட்டு, பேசாமல் இரும். மீன் நீந்துறதைச் சனம் கண்டால் போதும்."

ஒரு சிறு பொய். அதன் பின்னால் எத்தனை பேர் பிழைக்கலாம்? வீடு வரும்வரை யோசித்தேன். அக்கா கேட்பாள்: உதிலை என்ன போட்டனீ? அந்த முகத்தைப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்ல என்னால் முடியாது.

மார்ச் 11

ஒன்றும் போடாமலே செய்யலாம். இவ்வளவு நாள் ஏன் தோன்றவில்லை? குளோரின் ஒரு வாயு. கிணற்றில் தன் வேலையை முடித்துவிட்டுத் திறந்த பானையிலிருந்து தானே போய்விடும்.

இராசநாயகம் காலையில் மறுபடி தூள் கரைத்தார். கொஞ்சம் பொறுத்து, அக்காவின் சன்னலுக்கு நேரே நின்று அள்ளினேன். அம்மா செப்புக் கிடாரத்தைத் தந்தாள். செம்பு மீனுக்கு ஆகாது என்று அகன்ற மண்பானையை எடுத்தேன். உயரத் தூக்கி ஊற்றி, ஒரு மெல்லிய துணியால் வாயை மூடி முற்றத்து வெயிலில் வைத்தேன்.

மீன் உயிரோடு இருந்தால் குடிப்பாயா என்று அக்காவிடம் கேட்டேன். செத்தால்? அதையும் அவளே சொன்னாள்.

"செத்தால் இந்தக் கிணத்துப் பக்கம் நான் வரமாட்டன். இருந்தால் ஒரு கிழமை, ஏழு நாள், பாப்பம்."

மார்ச் 12

பானையை முகர்ந்தேன். வெறும் மண் மணம். நிழலுக்கு நகர்த்தி, தொட்டித் தண்ணீரின் குளிர்ச்சி வரும்வரை ஆறவிட்டேன். இந்த முறை தொட்டியில் கால்வாசி மட்டும் மாற்றினேன், மெல்ல, விளிம்போடு.

பிறகு கண்ணை மூடிக்கொண்டேன். கோழை.

"கண்ணைத் திறவடா. நீந்துது."

மார்ச் 13

நீந்துகின்றன.

மார்ச் 16

தினமும் ஒரு பானை, கால்வாசி. மாமி வந்து துணியை விலக்கி முகர்ந்தாள். நான் எதையோ ஒளித்துப் போட்டிருப்பேன் என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா:

"நான் இருந்து பாத்தனான் மாமி. உவன் ஒண்டும் போடேல்லை."

நல்லவேளை. நல்லவேளை அந்தப் பொய்யைச் சொல்லவில்லை.

மார்ச் 19

அக்கா எழுந்து நடந்து வந்தாள். துணியை விலக்கினாள். அகப்பையால் அள்ளிச் செம்பில் ஊற்றி, நின்றபடியே அண்ணாந்து குடித்தாள்.

"மீனுக்கு மிச்சம் விட்டிருக்கிறன்" என்றாள்.

ஏப்ரல் 21

பெண். விடியற்காலை. இருவரும் சுகம். இதற்கு மேல் எழுத வேண்டாம்.

மே 3

மாமி படலையைத் திறந்தாள். இராசநாயகம் வாளியோடு உள்ளே போனார். அவர் போனபின் மாமி என்னிடம் வந்து ஒரு மீன் கேட்டாள். தண்ணீருக்கு மீன் தேவையில்லை, ஒரு பகல் வைத்து ஆறவிட்டால் நெடி போய்விடும் என்றேன்.

"இருக்கட்டும். நீ சொல்லுறதிலும் பாக்க, உது நீந்துறது எனக்கு நம்பிக்கை."

மே 9

எங்கள் தொட்டியில் ஒரு மீன், அடுத்த வளவில் ஒன்று. ஒழுங்கையில் புதிதாகக் காய்ச்சல் இல்லை. முற்றத்தில் பானைகள் இப்போது மூன்று. அம்மா குழந்தையைக் குளிக்க வார்க்க அள்ளுகிறாள். எது மீனுக்கு, எது நமக்கு என்று கேட்பதில்லை.