வேண்டுதல் நடை

பரணில் பழைய பாத்திரம் தேடும்போது அந்த அட்டைப்பெட்டி கையில் தட்டுப்பட்டது. திறந்ததும் புது ரப்பர் வாசனை குப்பென்று வந்தது. டாக்டர் சொன்னாரென்று உங்களுக்காக நான் காஞ்சிபுரத்தில் வாங்கிவந்த கேன்வாஸ் ஷூ. லேஸ்கூடக் கோக்காமல் அப்படியே இருக்கிறது. வேட்டிக்கு எவனாவது ஷூ போடுவானா என்று சிரித்தீர்கள். ஒருநாள்கூடக் காலில் ஏற்றவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. உங்கள் மேல் பாதி, என் மேல் பாதி.

உங்களுக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்த அன்றே டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார், தினம் ஒரு மணி நேரம் நடந்தே ஆகவேண்டும் என்று. காலையில் எழுப்பினால் நாளையிலிருந்து என்பீர்கள். "மனசு மாடு மாதிரிடி. முன்னால நின்னு இழுத்தா வராது" என்று தத்துவம் வேறு. இருபத்தைந்து வருஷம் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர் வேறு எதைச் சொல்வார்!

ஒருவழியாகக் கிளம்பினாலும் ஊர் விட்டதா? திருப்புலிவனம் சாலையில் அரை பர்லாங் போவதற்குள் யாராவது மொபெட்டை நிறுத்துவார்கள். "நாங்க வண்டியோட கீறப்போ நீ நடக்கறதா டாக்டரே, ஏறு." அவர்கள் வீட்டுப் பசுவுக்கெல்லாம் கன்று எடுத்துவிட்டவர் நீங்கள், ஊருக்கு நீங்களும் டாக்டர்தான். மாட்டேன் என்றால் மனசு நோகுமென்று ஏறிவிடுவீர்கள். டவுன் பஸ்கூட உங்களுக்காக நிற்கும். சட்டை நனையாமல் ஏழு மணிக்கே திரும்பி வந்து நாஷ்டா கேட்பீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வியாதி என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். சொல்லக்கூடாதென்று உங்கள் வாயை அடைத்தவள் நான். அப்போது பெண்ணுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தோம். அப்பனுக்குச் சர்க்கரை என்றால் பெண்ணுக்கும் வருமே என்று பின்வாங்கிவிடுவார்களோ என்று பயம். அந்த யோசனை எனக்குத்தான் தோன்றியது. "யாருனா கேட்டா திருப்புலிவனம் கோயிலுக்கு வேண்டுதல்னு சொல்லிடுங்க. நாப்பத்தெட்டு நாள் நடக்கறேன்னா எவனும் வண்டில ஏத்தமாட்டான்."

அப்படியேதான் ஆனது. வேண்டுதல் என்றதும் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஆனால் உங்களுக்கு எதையும் அரைகுறையாகச் செய்ய வராதே, பொய்யைக்கூட. மறுநாளே செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் கிளம்பினீர்கள். தடுத்தேன். "வேண்டுதல்னு வாயால சொல்லிட்டு, செருப்பு போட்டுகினு போனா நல்லாவா கீது?" என்றீர்கள். சாமி விஷயம், நானும் அதற்குமேல் வாதாடவில்லை.

வேடிக்கை என்னவென்றால், நிஜமாகவே மனசு வந்துவிட்டது. மூன்றாவது வாரத்தில் நான் எழுந்திருக்கும்போதே நீங்கள் பாதி தூரம் போயிருந்தீர்கள். தொந்தி கரைந்தது. ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை இறங்கியிருந்தது. அந்தச் சீட்டை நாள்முழுக்கச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தீர்கள். எனக்கும் தலைகால் புரியாத சந்தோஷம்.

நாற்பத்தோராம் நாள் நீங்கள் கால் கழுவும்போது உள்ளங்காலில் கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. வேலிக்காத்தான் முள், ஆழமாக இறங்கியிருந்தது. எத்தனை நாளாக இருந்ததோ! "வலியே இல்லடி" என்று பெருமையாகச் சொன்னீர்கள். சர்க்கரையில் கால் மரத்துப்போய் வலிக்காததுதான் ஆபத்து என்று நம் இருவருக்கும் தெரியவில்லை. மிச்சம் ஏழு நாளையும் முடித்துவிட்டுத்தான் டாக்டரிடம் வருவேன் என்றீர்கள். சாமி காரியத்தைப் பாதியில் விடக்கூடாதென்று நானும் முள்ளைப் பிடுங்கி மஞ்சள் அரைத்துப் பூசி அனுப்பினேன். அனுப்பினேனே, என் கையாலேயே.

முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். பிறகு பாதம். பிறகு முழங்காலுக்குக் கீழே. ஒவ்வொரு முறையும் கையெழுத்துப் போட்டது நான். செருப்பில்லாமல் ஏன் நடக்கவிட்டீர்கள் என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார். பெண் கல்யாணத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தாரை வார்த்தீர்கள். பந்தியில் சம்பந்தி சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டார். சர்க்கரைக்கு, பத்து வருஷமாகப் போடுகிறேன் என்றார், சாதாரணமாக. நான் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். அடுத்த ஆடிக்கு நீங்கள் இல்லை. கடைசிவரை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

ஆறு மாதம் முன்பு எனக்கும் சர்க்கரை என்றார்கள். அதே சாலையில்தான் நடக்கிறேன். போன வாரம் மானாம்பதிக்காரர் ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்தி, "டாக்டர் வூட்டம்மாதான நீ? ஏறும்மா, வுட்டுடறேன்" என்றார். பொய் எதுவும் வாயில் வரவில்லை.

"எனக்குச் சக்கரை கீதுப்பா. நடக்கணும்."

"சரிம்மா, ஓரமா போ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் கேட்காதவர்களிடமும் வலியப் போய்ச் சொல்கிறேன், எனக்குச் சர்க்கரை, என் வீட்டுக்காரருக்கும் சர்க்கரைதான் என்று. அதற்கென்ன இப்போது என்பதுபோலப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.