பூட்டுப் பாட்டுக்கு முன்னால் சொல்கிற கதை

புதுவாயல்
9.11.2025, ஞாயிறு

அன்புள்ள ஏஞ்சலுக்கு,

ஆண்டவர் கிருபையில் நான் நலம். திருநின்றவூரில் நீயும் உன் அக்கா சாராளும் நலமாக இருக்க ஜெபிக்கிறேன். போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையில் சண்டை வருகிறது, எழுதிக்கொள்வோம் என்று நீ சொன்னது நல்ல யோசனைதான். கடிதத்தில் குறுக்கே பேச ஆள் இல்லை.

இன்று சபையில் பாஸ்டர் உன்னை விசாரித்தார். "தங்கச்சி இப்ப இன்னா பாட்டு பாடிக்கினு கீது?" என்றார். ஆல்டர்நேட்டிவ் ராக் ஐயா என்றேன். "எதுக்கு ஆல்டர்நேட்டிவ்?" என்றார். எனக்கும் தெரியாததால் சிரித்து வைத்தேன்.

புனே விழாவில் நீங்கள் வாசித்த வீடியோவை அன்புராஜ் கம்பெனி பஸ்ஸில் முழுச் சத்தமாகப் போட்டான். பூட்டுப் பாட்டுக்கு முன்னால் நீ சொல்கிற கதை ஊருக்கு ஊர் வளர்கிறது. கொச்சியில் நான் சாவியை மறந்து எடுத்துப் போனேன். பெங்களூரில் வேண்டுமென்றே எடுத்துப் போனேன். புனேயில் சாவியை ஏரியில் வீசிவிட்டேன். எந்த ஏரி ஏஞ்சல்? நம் பஸ் எந்த ஏரிப் பக்கமும் போவதில்லையே.

நடந்தது உனக்குத் தெரியும். அப்போது நம் வீட்டு உள்தாழ்ப்பாள் உடைந்திருந்தது. ரிகர்சல் முடித்து வந்து நீ பகலில் தூங்குவாய். நான் மதிய ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது வெளியே பூட்டி, கதவை ஒட்டிய ஜன்னல் வழியாகச் சாவியை உள்ளே ஆணியில் மாட்டிவிட்டுப் போவேன். எழுந்ததும் நீ கையை நீட்டித் திறந்துகொள்வாய். அப்படிச் செய்யச் சொன்னதே நீதான். அன்றைக்கு பஸ்காரன் ஹாரனை விடாமல் அடித்தான், சாவியும் கையுமாக ஓடிவிட்டேன். போனை கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். நீ கூப்பிட்டதே ஷிஃப்ட் முடிந்துதான் தெரிந்தது. வந்து பார்த்தால் பூட்டு உடைந்து கிடக்கிறது, குக்கரில் அரைவேக்காட்டுச் சோறு.

இப்போது கம்பெனியில் என் பெயர் எபினேசர் இல்லை. "இன்னா பூட்டு, இன்னிக்கு யார உள்ள வெச்சிட்டு வந்த?" என்றுதான் கேட்கிறார்கள். காணும் பொங்கல் அன்று தச்சூர் மைதானத்து விழாவில் நீங்கள்தான் கடைசி என்று போஸ்டர் ஒட்டியிருக்கிறது. எங்கள் லைன் மொத்தமும் வருகிறது. அந்த ஒரு நாள் மட்டும் கதையைச் சொல்லாமல் பாட்டைப் பாடு. வேறொன்றும் கேட்கவில்லை.

அன்புடன்,
எபினேசர்


திருநின்றவூர்
20.11.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அக்காவுக்கு மட்டும் சளி. கேன்டீன் சாம்பாரையே ராத்திரிக்கும் டப்பாவில் கட்டிக்கொண்டு வருகிறீர்களாமே, அன்புராஜ் சொன்னான். ஒரு முட்டையாவது வேகவைத்துக்கொள்ளக் கூடாதா?

ஏரி கொஞ்சம் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். வாயில் வந்துவிட்டது.

கதையை நான் உட்கார்ந்து யோசித்துக் கட்டவில்லை மாமா. போன வருஷம் பிப்ரவரியில் ஈ.சி.ஆர். விழாவுக்கு, பென்னி வந்து பூட்டை உடைத்த பிறகு ஓடினோமே, அங்கே எங்கள் நேரமெல்லாம் போய் ஒரே ஒரு பாட்டுக்குத்தான் விட்டார்கள். கூட்டம் ஊளையிட்டது. எனக்கு மூச்சு வாங்கியது. "ஊட்ல வெச்சி பூட்டிட்டாங்க" என்று மைக்கில் சொன்னேன், அவ்வளவுதான். முதலில் சிரித்தார்கள். பிறகு முன்வரிசையில் ஒரு பெண் தன் வீட்டுச் சாவியை எடுத்துத் தூக்கிப் பிடித்தாள்.

இப்போது எந்த ஊர் விழாவுக்குப் போனாலும் அந்த இடத்தில் பென்னி டிரம்ஸை நிறுத்துவான், கித்தார் நிற்கும், மைதானம் முழுக்கச் சாவிகளைக் குலுக்குவார்கள். அதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும். 'மூணாம் கேட்' என்ற எங்கள் பேண்டுக்குக் கடைசி இடம் கொடுக்கிறார்கள் என்றால் அதனால்தான். அந்தக் கதையில் வருகிற ஆள் நீங்கள் இல்லை, மேடைக்கு என்று ஒரு ஆள். அதைப் புரிந்துகொள்ளுங்கள். தச்சூரில் மட்டும் சொல்லாதே என்றால் மற்ற மூன்று பேரையும் கேட்க வேண்டும். வாக்குக் கொடுக்க முடியாது.

அன்புடன்,
ஏஞ்சல்


புதுவாயல்
7.12.2025

அன்புள்ள ஏஞ்சலுக்கு,

வாசலில் ஸ்டார் கட்டிவிட்டேன். நீ வாங்கிய பழையதுதான், ஒரு மூலை மட்டும் எரியவில்லை. உள்தாழ்ப்பாளையும் ஒருவழியாக மாற்றிவிட்டேன். அது அன்றைக்கே சரியாக இருந்திருந்தால் இத்தனை பேச்சுக்கு இடமில்லை.

கதையில் வருகிற ஆள் நான் இல்லை என்கிறாய். மேடையில் "என் புருஷன்" என்கிறாய். எனக்குத் தெரிந்து உனக்கு ஒரு புருஷன்தான்.

ஹாரன் அடிக்காமல் இருந்தால் சாவி ஆணிக்குப் போயிருக்கும். அத்தனை கோபத்திலும் எனக்காக அரிசி களைந்து வைத்துவிட்டுத்தானே போனாய்? அந்தச் சோற்றை நான் கொட்டவில்லை, மறுபடி வேகவைத்துச் சாப்பிட்டேன். அந்த ஏஞ்சல்தான் மேடையில் நின்று அப்படிப் பேசுகிறாள் என்று நம்பவே முடியவில்லை.

பெங்களூரிலும் புனேயிலும் என்னை யாருக்கும் தெரியாது. தச்சூர் அப்படியில்லை. அங்கே என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கதையைச் சொன்னால் மறுநாள் நான் அந்த கேட்டுக்குள் நுழைய முடியாது. உன்னோடு ஒரு வீட்டிலும் இருக்க முடியாது. மிரட்டுவதாக நினைக்காதே. உண்மையைச் சொல்கிறேன்.

எபினேசர்


திருநின்றவூர்
28.12.2025

அன்புள்ள மாமாவுக்கு,

கிறிஸ்துமஸுக்கு வருவேன் என்று பார்த்திருப்பீர்கள். கிளம்பித்தான் இருந்தேன். உங்கள் கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன், உட்கார்ந்துவிட்டேன்.

பென்னியிடம் பெரிய சண்டை. "சாவி இல்லாங்காட்டி அந்தப் பாட்டுல இன்னா கீது?" என்று கத்தினான். பாட்டு இருக்கிறது, போதும் என்றேன். தச்சூரில் கதை கிடையாது. இது வாக்கு.

ஆனால் ஒன்று. ஹாரன், ஆணி, கேட், போன், தாழ்ப்பாள் எல்லாம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. வெளியில் நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டீர்கள். உள்ளே இருந்தவள் நான். உள்ளே என்ன செய்துகொண்டிருந்தாய் என்று இன்றுவரை ஒரு தடவையாவது கேட்டீர்களா? மேடைக்குக் கீழே நிற்கிற யாரோ கேட்கிறார்கள் மாமா. நீங்கள் கேட்கவில்லை. வீட்டை விட்டு வந்தது இதனால்தான், கேலியாலோ வீடியோவாலோ இல்லை.

புத்தாண்டு ஆராதனைக்கு அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏஞ்சல்


புதுவாயல்
18.1.2026, ஞாயிறு

அன்புள்ள ஏஞ்சலுக்கு,

நேற்று தச்சூரில் உன்னைப் பார்த்தேன். இடது பக்கம், ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றிருந்தோம். நெஞ்சு எலும்பெல்லாம் அதிர்ந்தது. தகடு அடிக்கிற எங்கள் பிரஸ் ஷாப் எவ்வளவோ தேவலை என்று அன்புராஜ் காதைப் பொத்திக்கொண்டான். அவனே மூன்றாவது பாட்டில் குதித்துக்கொண்டிருந்தான். எனக்கு உன்னைப் பார்த்துப் பெருமையாக இருந்தது. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், கொச்சியிலிருந்தே.

நீ வாக்குத் தவறவில்லை. பூட்டுப் பாட்டு வந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் பென்னியைத் திரும்பிப் பார்த்தாய், பாட ஆரம்பித்தாய். எனக்கு உயிர் வந்தது. பிறகு அந்த இடம் வந்தது. நீங்கள் நிறுத்தாமல்தான் வாசித்தீர்கள். ஆனால் கூட்டம் சாவியை எடுத்துவிட்டது. யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை, மைதானம் முழுக்கக் குலுக்குகிறார்கள். நீ மைக்கை விட்டு ஓர் அடி பின்னால் போய் நின்றாய். பென்னியும் குச்சியைத் தாழ்த்திவிட்டான்.

எங்கள் லைன் பையன்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கு அந்தப் பக்கம் கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற குப்பம்மாள் அக்கா. பேத்தி இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. அக்கா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அது பாட்டுக்கு ஆட்டிக்கொண்டிருக்கிறது, கண்ணில் தண்ணீர். "அக்கா, நான் வேணும்னு பூட்டலக்கா" என்றேன். திரும்பிப் பார்த்து முறைத்தது. "உன்ன யாருடா நெனச்சிக்கினு கீறாங்க? நான் எங்க நைனா ஊட்ட நெனச்சி ஆட்டிக்கினு கீறேன், நீ வேற" என்றது.

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இத்தனை நாளும் மைதானம் மொத்தமும் என்னைத்தான் திட்டுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பையில் நம் வீட்டுச் சாவி இருந்தது. எடுத்து நானும் ஆட்டினேன். ஏன் என்று கேட்காதே.

நான் வேண்டுமென்று பூட்டவில்லை என்று உலகத்துக்கே தெரிய வேண்டாம், ஒரே ஒரு ஆளுக்குத் தெரிந்தால் போதும். அதற்கு முன்னால் நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். அன்றைக்கு உள்ளே நீ என்ன செய்துகொண்டிருந்தாய், ஏஞ்சல்?

புதுப் பூட்டின் இரண்டு சாவிகளில் நீ விட்டுப் போனதை இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். வர வேண்டும் என்பதற்காக இல்லை. அது உன்னுடையது.

எபினேசர்


திருநின்றவூர்
26.1.2026

அன்புள்ள மாமாவுக்கு,

சாவி வந்தது. கவர் ஓரம் கிழிந்திருந்தது, நல்லவேளை விழவில்லை.

கேட்டீர்கள், சொல்கிறேன். எழுந்து முகம் கழுவி மேடைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆணியில் கை வைத்தேன், சாவி இல்லை. கதவைத் தட்டினேன். நம் வரிசையில் எல்லாரும் ஷிஃப்டுக்குப் போய்விட்டார்கள், எவர் வீட்டிலோ டி.வி. மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. உங்களைக் கூப்பிட்டேன். பென்னியைக் கூப்பிட்டேன், வேனில் வருகிறோம் என்றான். கத்தி ஓய்ந்து தரையில் உட்கார்ந்தேன்.

அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது மாமா.

முந்தின நாளிலிருந்தே பயத்தில் வாந்தி. போஸ்டரில் எத்தனை பெரிய பேண்டுகள், கீழே பொடி எழுத்தில் நாங்கள். போய் நின்று குரல் வராமல் போனால்? இனிப் போக வேண்டாம், யாரும் என்னைக் குறை சொல்லவும் முடியாது, பூட்டிக் கிடந்தது என்று சொல்லிவிடலாம். எழுந்து மேடைச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தேன். நைட்டியை மாட்டிக்கொண்டு அரிசி களைந்து குக்கரை அடுப்பில் வைத்தேன். அந்தச் சோறு உங்களுக்காக வைத்தது இல்லை. வீட்டிலேயே இருந்துவிடப் போகிறோம் என்று எனக்காக வைத்தது.

பென்னி வந்து பூட்டில் ஸ்பேனரை வைத்தபோது, "ஒடைக்காதடா, மாமா வந்து தெறக்கட்டும்" என்று ஜன்னல் வழியாகச் சொன்னேன். பூட்டு வீணாகிறதே என்று சொல்கிறேன் போல என்று நினைத்து உடைத்துவிட்டான். அவன் மட்டும் கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருந்தால் நான் இன்றைக்கும் வீட்டில் உட்கார்ந்து சோறு வடித்துக்கொண்டிருப்பேன். மேடையேறினபோது எனக்கு அப்படி ஒரு கோபம். குக்கரை வைத்தவள் மேல் கோபம். அதை மைக்கில் எப்படிச் சொல்வது? கோபத்துக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. நீங்கள் கிடைத்தீர்கள்.

நீங்கள் வேண்டுமென்று பூட்டவில்லை என்று எனக்கு அன்று ராத்திரியே தெரியும். நான் திரும்பி வந்தபோது, உடைந்த பூட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தீர்களே, அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் தெரியும்.

பூட்டுக் கதை இனிக் குப்பம்மாள் அக்காவுடையது, சாவி ஆட்டுகிறவர்களுடையது. நான் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஒன்றுதான். குக்கர் கதையை எந்த ஊர் விழாவிலும் சொல்ல மாட்டேன். அது உங்களுக்கு மட்டும்.

வருகிற ஞாயிறு பெரியபாளையம் வழியாக பஸ் பிடித்து வருகிறேன். சோறு ஆக்கி வைத்துவிட்டு, வெளியே பூட்டிக்கொண்டு நீங்கள் சபைக்குப் போங்கள். நான் திறந்துகொள்கிறேன்.

உங்கள்,
ஏஞ்சல்