கூப்பிடாமல் விட்ட பதினான்கு வீடுகள்

அனுப்புநர்:
கொ. பாலமணி, க/பெ ஜங்கய்யா,
தலைவி, மகளிர் சங்கம்,
ராள்ளபாடு கிராமம், தெலங்கானா.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: கல்மாவு மில் தூசியால் இறந்த பதினான்கு தொழிலாளர்களின் மனைவியர் 27-1-2015 விசாரணைக்கு வராதது – அது அவர்கள் குற்றமன்று, என் குற்றம் – விசாரணையை மறுபடி நடத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

சங்கத்தின் பெயரால் இதற்கு முன் தங்களுக்கு ஐந்து மனுக்கள் அனுப்பியிருக்கிறேன். அவையெல்லாம் அடுத்தவர் மேல் சொன்ன புகார்கள். இது என் மேல் நானே தரும் புகார்.

1. எங்கள் ஊர் மில்லில் வெள்ளைக் கல்லை மாவாக அரைக்கிறார்கள். அங்கே பத்து வருடம் வேலை செய்த ஆண் இரண்டு வருடம் இருமுகிறான், பிறகு போய்ச் சேருகிறான். ஆறு வருடத்தில் பதினான்கு பேர். மில்லுக்கு எதிரான முதல் புகாரில் முதல் கைரேகை, கணவனை இழந்த ஈதம்மாவுடையது. அந்தக் கைரேகையை வைத்துத்தான் சங்கமே பிறந்தது. தாங்கள் மில்லை மூடி, விசாரணைக்கும் உத்தரவிட்டீர்கள். அந்தச் சாவுகள் தூசியால் வந்தவையா, மில்லை மறுபடி திறக்கலாமா என்று அங்கே முடிவாக வேண்டும்.

2. பெண்களுக்குத் தகவல் சொல்லும் பொறுப்பு சங்கத்திடம் விடப்பட்டது. தாங்கள் வேறு மாநிலத்தவர் என்பதால் ஒன்றை எழுதியாக வேண்டும். எங்கள் பக்கம் பெண்களை ஒரு காரியத்துக்கு அழைப்பதென்றால் வீடு தேடிப் போய் நெற்றியில் குங்குமப் பொட்டு வைத்து அழைக்க வேண்டும். வாய்வார்த்தையாகச் சொன்னால் அது அழைப்பே இல்லை. பொட்டு வைத்துவிட்டாலோ, அடுப்பில் சோறு கொதித்தாலும் இறக்கி வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். கூட்டம் சேர்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. செயலாளர் ஸ்வரூபாவும் நானும் குங்குமச் சிமிழோடு கிளம்பி அறுபத்தொரு வீடு ஏறி இறங்கினோம்.

3. கணவனை இழந்தவளுக்குப் பொட்டு வைப்பதில்லை. ஆகவே பதினான்கு வீட்டு வாசலையும் தாண்டிப் போனோம். யோசித்துத் தாண்டவில்லை ஐயா, யோசிக்கவே இல்லை. கால் தானாக அடுத்த வாசலுக்குப் போய்விட்டது. வாசற்படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஈதம்மா, எங்களுக்கு வழிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டார். அதையும் பார்த்தேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. விதவைப் பெண்களுக்கு மரியாதை வேண்டும் என்று போன வருடம் தங்கள் அலுவலக வாசலிலேயே மைக் பிடித்துப் பேசியவள் நான்தான். த்தூ என்று என் முகத்தில் நானே துப்பிக்கொள்ள வேண்டும்.

4. விசாரணை நாளன்று அறுபத்தொரு பேரும் பட்டுச்சேலை கட்டி முன்வரிசை தொடங்கி உட்கார்ந்திருந்தார்கள். விசாரணை அதிகாரி பதினான்கு பெயர்களையும் ஒவ்வொன்றாக வாசித்தார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மில் மேலாளர் ராஜிரெட்டி எழுந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சார், அறுபத்தொரு சுமங்கலிங்க பூவும் பொட்டுமா உக்காந்திருக்காங்க. எங்க மில்லுக்கு இதைவிட என்ன சார் சர்ட்டிபிகேட் வேணும்?" கூடம் முழுக்கச் சிரித்தது. எங்கள் பெண்களில் சிலரும் சிரித்தார்கள்.

5. பத்து நிமிடம் பொறுங்கள், நான் போய் அழைத்து வருகிறேன் என்று மன்றாடினேன். அதிகாரி, "ஏம்மா, நீங்க கூப்பிட்டதுல ஒருத்தர் விடாம வந்திருக்காங்க. அப்ப வராதவங்க மட்டும் ஏன் வரல? கூப்பிட்டீங்களா இல்லையா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கூப்பிடவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அத்தனை பேர் முன்னால், மேலாளர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும்போது, எனக்கு வாய் வரவில்லை. "கூப்பிட்டேங்க, அவங்களுக்கு உடம்பு முடியலையாம்" என்று சொல்லிவிட்டேன். சொன்னது பொய். "அழைத்தும் பாதிக்கப்பட்டோர் எவரும் வரவில்லை, சங்கத் தலைவியே உறுதி செய்தார்" என்று பதிவாகிவிட்டது. கீழே என் கையெழுத்தும் இருக்கிறது. மில்லைத் திறக்க அனுமதி கிடைத்ததும் அந்த வரியை வைத்துத்தான்.

6. இம்மனுவில் பதினான்கு பேரின் கைரேகையும் வாங்கலாம் என்று மறுவாரம் வீடு வீடாகப் போனேன். பதின்மூன்று வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள், கைரேகை கொடுக்கவில்லை. ஈதம்மா மட்டும் பேசினார். "அன்னிக்குக் குளிச்சு, துவைச்ச சேலை கட்டி, பொழுது சாயறவரைக்கும் வாசல்லயே உக்காந்திருந்தேன்டி. ஒருத்தியாவது வந்து வாக்கான்னு கூப்பிடுவீங்கன்னு. முண்டச்சி வீடுன்னு தாண்டிப் போன காலு, கைநாட்டு வாங்க மட்டும் எப்படிடி உள்ள வருது? என் புருசன் செத்தது உனக்குக் கூட்டம் சேக்கவா?" என்றார். கதவைச் சாத்தவில்லை. நானாகப் போகும்வரை என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஆகவே ஐயா, விசாரணையில் நான் சொன்னது பொய் என்று ஏற்று அந்தப் பதிவை நீக்க வேண்டுகிறேன். அதற்கு என்ன தண்டனையோ, கொடுங்கள். பதினான்கு பேருக்கும் தனித்தனியே பெயர் எழுதிய அழைப்பைத் தங்கள் அலுவலக ஆள் மூலமாகவே கொடுத்தனுப்புங்கள். சங்கத்திடம் மறுபடி விட வேண்டாம். அதுவரை மில்லைத் திறக்க விடக் கூடாது.

மில் 16-2-2015 திங்கட்கிழமை திறக்கிறது. முதல் ஷிப்ட் பட்டியலை வாயிற்கதவில் ஒட்டிவிட்டார்கள். அதில் மூன்றாவது பெயர் என் கணவர் ஜங்கய்யாவுடையது. போக வேண்டாம் என்று காலைப் பிடித்துக் கெஞ்சிவிட்டேன். "ஊர்ல யாரும் தூசியில சாகலன்னு நீதான கையெழுத்துப் போட்ட, அப்புறம் என்ன பயம்?" என்கிறார். மூன்று மாதமாக மில் மூடிக் கிடந்தும் அவருக்கு இருமல் நிற்கவில்லை. திங்கட்கிழமைக்குள் ஏதாவது செய்யுங்கள் ஐயா.

இடம்: ராள்ளபாடு
நாள்: 9-2-2015

உண்மையை இப்போதுதான் சொல்லும்,
கொ. பாலமணி

இணைப்பு: இல்லை. இறந்தவர்களின் மருத்துவமனைச் சீட்டுகள் அந்தந்த வீடுகளில் இருக்கின்றன. கேட்டேன். தரவில்லை.